அடுப்பங்கரைப் புகையும் பிரஷர் மாத்திரையும்

(காரமடையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காரமடைப் பக்கம் உயர் ரத்த அழுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. ரத்தக்கொதிப்பு என்ற சொல்லும் பாட்டன் காலத்தோடு போயிற்று. இப்போது புழங்குவது ‘பிரஷர்’ ஒன்றுதான். “எனக்குப் பிரஷர் இருக்குதுங்க” என்று சொல்கிற தொனியைக் கவனித்தால், ரெண்டு ஏக்கர் கறிவேப்பிலை இருக்குதுங்க, ஒரு கறவை மாடு இருக்குதுங்க என்பதோடு சேர்த்துச் சொல்கிற மாதிரியே இருக்கும். வந்து சேர்ந்தது, இருக்கிறது, மாட்டுக்குத் தீனி போடுவதுபோல அதற்கும் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும். எப்படி வந்தது என்று கேட்டால் பதில் தயார்: உப்பு, வயசு, பையன் கல்யாணக் கவலை.

மூன்றும் மெய்யான காரணங்களே. நான்காவது ஒன்று புறவாசலில் புகைந்துகொண்டிருக்கிறது. இந்தச் சொற்பொழிவு அதைப் பற்றியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதன் பிறகு பிரஷர் பார்க்கும் கருவி தோட்டத்து வீடுகளான சாளைகளுக்கும் நடந்தே வந்துவிட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் திண்ணையில் உட்காருகிறார், கையில் பட்டையைச் சுற்றுகிறார், எண்ணைக் குறித்துக்கொள்கிறார், மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த சாளைக்குப் போகிறார். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டிய இடத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். தேவையும் அப்படிப்பட்டது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கும் ஆண்களில் 30 பேருக்கும் ரத்த அழுத்தம் கூடியிருந்தது, அல்லது அதற்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய கணக்கு, வளர்ந்தவர்களில் 35.5 சதவீதம் என்றது. பட்டணத்து வியாதி என்று நினைத்திருந்தது, கிராமத்திலும் மூவரில் ஒருவரைப் பிடித்திருக்கிறது.

ஆக, ரத்தத்தின் அழுத்தத்தை அளக்க ஆள் வருகிறார். அதே திண்ணையில் உட்கார்ந்து மூச்சில் இழுக்கிற காற்றை அளக்க யாரும் வருவதில்லை.

‘நீண்டகாலம்’ என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காரமடை அரங்கநாதர் கோயிலில் மாசி மகத் தேர்த் திருவிழாவின்போது தாசர்கள் பந்த சேவை எடுப்பதை இந்த அரங்கில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எண்ணெயில் நனைத்த பந்தம், அதன் கரும்புகை, கண் எரிச்சல். அன்றைக்கு ஒருவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தால் கொஞ்சம் ஏறியும் இருக்கலாம். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் இறங்கிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பந்த சேவைமீது பழி போடுவதற்காக இந்தப் பேச்சு ஏற்பாடாகவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு ராத்திரிப் புகை வேறு. பதினெட்டு வயதில் வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் என்று நாற்பது வருஷம் விறகடுப்பின் முன்னால் இழுத்த புகை வேறு. பின்னதன் கணக்கை உடம்பு மறப்பதில்லை என்பதைத்தான் கடந்த இருபது வருஷ ஆய்வுகள் ஒவ்வொன்றாகச் சொல்லி வருகின்றன.

புகையில் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரிகிற கரியைவிடத் தெரியாத துகள்தான் முக்கியம். 2.5 மைக்ரானுக்கும் குறைவான குறுக்களவுள்ள நுண்துகள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும்; இதைப் பிடிக்க முடியாது. நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்ச் சேரும். ஒரு கனமீட்டர் காற்றில் இது எத்தனை மைக்ரோகிராம் இருக்கலாம் என்பதற்கு 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு, ஆண்டுச் சராசரியாக 40. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் 10 என்று வைத்திருந்ததை 2021-இல் 5 ஆகக் குறைத்துவிட்டது. நம் நாட்டு வரம்புக்கும் உலக வரம்புக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். காற்று ஒன்றுதான், எது நல்ல காற்று என்ற பேச்சுத்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடுப்பங்கரைக்குள் நுழையலாம். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் புகையை அளந்து வருகிறது. 2002-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் ஊரக வீடுகள் நானூறுக்கு மேற்பட்டவற்றில் எடுத்த அளவு. விறகோ வரட்டியோ எரியும்போது அடுப்பங்கரைக் காற்றில் மூச்சோடு உள்ளே போகக்கூடிய துகள் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைக்கும் பெண் ஒரு முழு நாளில் சுவாசித்ததன் சராசரி ஏறத்தாழ 231. அந்த வீட்டிலேயே சமையல் பக்கம் போகாதவர்களுக்கு 90.

அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். கேஸ் போன்ற சுத்தமான எரிபொருளில் சமைத்த வீடுகளில் இருந்தவர்கள் சுவாசித்தது 82. அவர்கள் வீட்டில் விறகே எரியவில்லை. பிறகு அந்த 82 எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே எழுந்த புகை, ரோட்டுப் புழுதி, களத்து மேட்டில் எரித்த சருகு. புகைக்கு வேலி கட்ட முடியாது என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த சேதி. விஞ்ஞானம் அதை எண்ணாக எழுதிக் கொடுத்தது, அவ்வளவே.

இந்தத் துறைக்கு வழி போட்டவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். 1980-களின் தொடக்கத்தில், பெரிய பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளை எல்லாரும் அளந்துகொண்டிருந்தபோது, அவர் குஜராத்தில் நான்கு கிராமங்களுக்குப் போய், சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே சின்னக் கருவியை மாட்டி அளந்தார். சமைக்கும் நேரத்தில் அவர்கள் இழுத்த தூசி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். மைக்ரோ இல்லை, மில்லி. 2020-இல் அவர் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. போரூர்க் குழுவோடும் பல்லாண்டு சேர்ந்து உழைத்தவர். புகையை எங்கே அளக்கிறோம் என்பதைவிட யாருடைய மூக்கருகில் அளக்கிறோம் என்பதே கேள்வி என்று அவர் மாற்றி வைத்தார்.

நுரையீரலில் போய் உட்கார்ந்த துகளுக்கும் கையில் சுற்றிய பட்டையில் தெரிகிற எண்ணுக்கும் என்ன தொடர்பு? சளி, இருமல், ஆஸ்துமா என்றால் யாரும் நம்புவார்கள். பிரஷர் என்றால், “அது நுரையீரலுக்குங்க, இது ரத்தத்துக்குங்களே” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க இதயச் சங்கம் 2004-இல் ஓர் அறிக்கையும், ராபர்ட் புரூக் தலைமையில் 2010-இல் அதைப் புதுப்பித்து இன்னோர் அறிக்கையும் வெளியிட்டு விளக்க வேண்டியிருந்த கேள்வியும் அதுதான். வழி மூன்று. துகள் பட்டதும் நுரையீரலின் நரம்பு முனைகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. ஆபத்து வந்ததுபோல உடம்பு விறைக்கிறது, ரத்தநாளங்கள் சுருங்குகின்றன. இது சில நிமிஷத்தில் நடப்பது, திரும்பிவிடுவது. இரண்டாவது, நுரையீரல் தன்னை அரிக்கிற துகளோடு சண்டை போடுகையில் எழும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. மூன்றாவது, மிக நுண்ணிய துகளும் அதன் வேதிப்பொருள்களும் ரத்தத்துக்குள்ளேயே போய்விடுவது. பின்னிரண்டும் வருஷக் கணக்கில் வேலை செய்யும்போது, ரத்தநாளத்தின் உள்தோல் தன்னைத் தளர்த்திக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. சுவர் தடித்து விறைக்கிறது.

சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். போர்த் தண்ணீரின் உப்பு குழாயின் உள்ளே படியப் படிய, அதே தண்ணீரைக் கடைசி வரிசைக்குத் தள்ள மோட்டார் கூடுதலாகத் திணறும். ஒருநாள் உப்புத் தண்ணீர் ஓடியதால் குழாய் அடைவதில்லை.

ஆய்வுகளுக்கு வருவோம். குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் திறந்த விறகடுப்புக்குப் பதிலாகப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 38 வயதைத் தாண்டிய பெண்களின் மேல் அழுத்தம் சராசரியாக 3.7 மில்லிமீட்டரும் கீழ் அழுத்தம் 3-உம் குறைந்ததாக 2007-இல் முடிவு வந்தது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 280 கிராமத்துப் பெண்களிடம் கருவியை மாட்டி அளந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு, புகை கூடக் கூட அழுத்தமும் கூடுவதைக் காட்டியது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பாதிப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. வயதோடு பாதிப்பு கூடுவதைக் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷக் கணக்கு அங்கேதான் தெரிகிறது.

மூன்று நான்கு மில்லிமீட்டர்தானே, 140 இருந்தால் என்ன, 143 இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். தனி ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு காப்பி குடித்தால் ஏறுகிற அளவு. ஊருக்கே மூன்று ஏறினால் சங்கதி வேறு. ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002-இல் லான்செட்டில் வந்த பெரிய ஆய்வு, நடுவயதில் மேல் அழுத்தம் வெறும் 2 மில்லிமீட்டர் குறைந்தால் பக்கவாதச் சாவு பத்தில் ஒன்று குறையும் என்று கணக்கிட்டது. ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1985-இலேயே இதை வேறு விதமாகச் சொல்லிவிட்டார்: இந்த ஆளுக்கு ஏன் பிரஷர் வந்தது என்பது ஒரு கேள்வி, இந்த ஊருக்கே ஏன் இவ்வளவு பிரஷர் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. தன்னார்வலரின் பையில் இருக்கும் மாத்திரை முதல் கேள்விக்கான பதில்.

நமக்கு மிகப் பொருந்தி வருகிற ஆய்வு தெலங்கானாவில் நடந்தது. ஐதராபாத்துக்குத் தென்கிழக்கே, பட்டணம் மெல்ல வந்து தொட்டுக்கொண்டிருக்கிற 28 கிராமங்கள். வயல் பாதி, மனை பாதி. கேஸ் பாதி, விறகு பாதி. காரமடை ஒன்றியத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு அந்த ஊர்களின் சாயல் தெரியும். 2021-இல் காரமடையே நகராட்சி ஆகிவிட்டது; சுற்றியிருந்த ஊராட்சிகள் அப்போது ஊராட்சிகளாகவே நின்றன. எது ஊர், எது பட்டணம் என்ற கோடு மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே போகிறது என்று யாராலும் காட்ட முடியாது. அந்தத் தெலங்கானா ஊர்களில் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தை, அவரவர் வீட்டருகே வெளிக்காற்றில் இருந்த ஆண்டுச் சராசரித் துகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி 33. இந்திய வரம்பான 40-க்குக் கீழே, அதாவது சட்டப்படி நல்ல காற்று. 2019-இல் வெளிவந்த முடிவில், அந்த நல்ல காற்றுக்குள்ளேயே ஒரு மைக்ரோகிராம் கூடினால் பெண்களின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் கூடியிருந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு மங்கலாகவே தெரிந்தது. அதே ஊர்களில் 3,372 பேரின் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்து பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, துகள் கூடிய இடங்களில் தமனிச் சுவரும் தடித்திருப்பதைக் கண்டது.

பெண்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது? ஆண்கள் காலையில் பஸ் ஏறி வேறெங்கோ போய் வேறு காற்றை இழுத்துவிட்டு வருகிறார்கள். வீட்டருகே அளந்தது அவர்கள் கணக்குக்கு ஒத்துவராது. பெண்களின் நாள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கழிகிறது என்பது ஒரு விளக்கம். அந்த ஆய்வுக்காரர்கள் சிலருடைய உடம்பில் சின்னக் கேமராவையும் மாட்டிவிட்டு, எந்த நேரத்தில் எங்கே இருக்கும்போது அதிகப் புகை உள்ளே போகிறது என்று பார்த்தார்கள். பெண்களின் படங்களில் அடுப்பு வந்தது. அதில் வியப்பில்லை. அடுப்பைக் கேமரா வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது வேண்டுமானால் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிறது. இனிச் சொல்லப்போவது ஓடாது. மேடைகளில் இதை விட்டுவிடுவதே வழக்கம். விட்டால் பேச்சு அழகாக முடியும்.

புகைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவைச் சோதிக்க உலகில் நடந்த மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று நம் மாநிலத்தில் நடந்தது. ‘ஹேப்பின்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளோடு நான்காவதாக இந்தியா. இந்தியாவில் களம், விழுப்புரமும் நாகப்பட்டினமும். போரூர்க் குழுதான் இங்கே பொறுப்பு. நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள், ஒவ்வொரு நாட்டிலும் 800 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்குச் சிலிண்டரும் இலவசம். மீதிப் பாதி தங்கள் விறகடுப்பிலேயே தொடர்ந்தார்கள். அடுப்பைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற திட்டம் இல்லை இது. கேஸ் வாங்கியவர்கள் பழைய அடுப்பை மூட்டுகிறார்களா என்று விடாமல் கண்காணித்தார்கள்.

புகை குறைந்தது. விறகடுப்புக்காரர்கள் சுவாசித்தது 70.7 மைக்ரோகிராம் என்றால், கேஸ்காரர்களுக்கு 23.9. மூன்றில் ஒரு பங்கு. இதைவிடச் சிறப்பாக ஒரு சோதனையை நடத்த முடியாது. 2022-இல் முடிவுகள் வந்தன. குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தாய்மார்களின் ரத்த அழுத்தம் கேஸ் பக்கத்தில் குறையவில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் கூடுதலாகத்தான் இருந்தது. வைத்தியத்துக்கு எந்த வகையிலும் பொருட்படுத்த வேண்டிய கூடுதல் இல்லை. என்றாலும், குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஒரு குட்டு.

இதை என்ன செய்வது? புகை பொய் என்று தூக்கிப் போடலாமா? முடியாது. குவாத்தமாலாவும் யுன்னானும் தெலங்கானாவும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. உடம்புக்குள் நடப்பதும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். சோதனை சரியில்லை என்று தள்ளலாமா? அதுவும் முடியாது. இந்தத் துறையில் இவ்வளவு ஒழுங்காக நடந்தவை குறைவு. வேறு வழி, முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்குள் பார்ப்பது.

முதலாவது, ஹேப்பினின் கர்ப்பிணிகள் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த இளம் பெண்கள். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் தன் போக்கில் இறங்கி ஏறும். அதன் இயக்கமே தனி. பிரஷர் மாத்திரைப் பட்டையைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிற அம்பது வயது அம்மாவின் கதையை இந்தக் கர்ப்பிணிகளின் முடிவு சொல்லாது. இரண்டாவது, சில மாதப் புகைக் குறைவு என்பது பல வருஷத்துக் கணக்கில் ஒரு சின்னக் கழித்தல். உப்பு படிந்த குழாயில் நல்ல தண்ணீரை ஒரு மாதம் விட்டால் படிந்தது கரைந்துவிடுமா? மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் கனமானது. 24 என்பதும் நல்ல காற்று இல்லை. உலக வரம்பைப்போல் ஐந்து மடங்கு. புகை மிகக் கூடுதலாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் குறைத்தால் உடம்புக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை; மிகக் குறைவான அளவுகளில்தான் ஒவ்வொரு மைக்ரோகிராமும் கணிசமாகக் கணக்கில் சேர்கிறது என்று இதயநோய் ஆய்வுகள் பலவும் காட்டியிருக்கின்றன. வீட்டுக்குள் கேஸ் வந்த பிறகும் 24 நிற்கிறதென்றால், மிச்சம் வாசலுக்கு வெளியே இருந்து வருகிறது. 2002-இல் தாண்டிப் போன அந்த 82 இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது.

வாசலுக்கு வெளியே என்று சொன்னவுடன் லாரியையும் ஆலையையும் மட்டும் நினைத்துக்கொள்வது பழக்கம். இந்தியாவின் வெளிக்காற்று மாசுக்கு எது எது எவ்வளவு பங்கு என்று ஐ.ஐ.டி. பம்பாய் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அதில் முதலிடம் பிடித்தது வீடுகளில் எரியும் விறகும் வரட்டியும், ஏறத்தாழ கால் பங்கு. பட்டணத்துப் புகை கிராமத்துக்கு வருவதாகச் சொல்லிக்கொள்கிறோம். கிராமத்து அடுப்புகளின் புகை சேர்ந்து பட்டணத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

கொங்குப் பக்கத்தில் இந்தப் புகைக்கு ஒரு தனி மறைவிடம் உண்டு. தமிழ்நாட்டில் 2007-இலேயே இலவசக் கேஸ் அடுப்புத் திட்டம் வந்துவிட்டது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலாவும் சேர்ந்தது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிவிட்டன. கணக்குப்படி பிரச்சினை தீர்ந்தது. கணக்கு கேட்கிற கேள்வி, முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள் என்பது. “கேஸ்லதானுங்க” என்று சொல்லும் அதே வீட்டின் புறவாசலில் மூன்று கல் கூட்டிய வெந்நீர் அடுப்பு இருக்கும். தென்னந்தோப்பு இருக்கும்வரை மட்டையும் பன்னாடையும் பாளையும் தொட்டியும் காசில்லாமல் கிடைக்கும். குளிக்கிற தண்ணீருக்குச் சிலிண்டரைச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. மாட்டுக்குக் கொள்ளு வேகவைப்பது அதில். நோம்பிக்கு நாட்டுக்கோழி அதில். விடியற்காலை ஐந்தரைக்குப் பனியில் அந்த அடுப்பு பற்றும்போது புகை மேலே போகாது. குளிர்காலத்தில் கீழ்க்காற்று குளிர்ந்து கிடக்கும்போது கூரை மட்டத்திலேயே படுத்துக்கொள்ளும். தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழி, தை மாதங்களில் அப்படி இல்லை. வெந்நீர் அதிகம் வேண்டியதும் அந்த மாதங்களில்தான்.

அடுப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், பெண்களைக் குற்றம் சொல்லிவிட்டு எழுந்து போன மாதிரி ஆகிவிடும். காரமடைக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் தடாகம் பள்ளத்தாக்கு இருக்கிறது. செம்மண்ணைத் தோண்டிச் செங்கல் அறுத்துச் சூளை வைத்த ஊர்கள்: சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை. உயர் நீதிமன்றம் வரை போன வழக்குகளுக்குப் பிறகு, 2021 மார்ச்சில் 180-க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. மண் கொள்ளை, ஓடைகள் சிதைந்தது, சூளைக்கு வந்த பனைமரத் துண்டுகளைத் தேடி யானை இறங்கியது என்றெல்லாம் அந்தப் போராட்டத்தில் நிறையப் பேசப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகள் சூளைப் புகையைச் சுவாசித்தவர்களின் ரத்தநாளத்தைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. மண் போனது கண்ணுக்குத் தெரிகிறது, பள்ளத்தின் ஆழத்தை அடிக்கணக்கில் அளக்கலாம். சுவாசித்த காற்றின் தடயம் மிஞ்சுவது உடம்புக்குள்.

சிறுமுகைப் பக்கம் பெரியவர்களுக்கு இன்னொரு வாசனை ஞாபகம் இருக்கும்: விஸ்கோஸ் ஆலையின் அழுகல் வாடை. அந்த ஆலை பவானி ஆற்றைக் கெடுத்ததற்காகத்தான் பேசப்பட்டது, மூடப்பட்டும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விஸ்கோஸ் நூல் செய்யத் தேவைப்படும் கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தின் ஆவி, அதோடு வேலை செய்கிறவர்களின் இதயத்தைத் தாக்கும் என்பதை பிரிட்டனின் ரேயான் ஆலைகளை ஆராய்ந்து 1968-இலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். காற்று வழியாக வந்து இதயத்தைப் பிடிக்கிற நோய் என்பது நேற்று முளைத்த எண்ணம் இல்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைக்குள்ளே அது தெரிந்த உண்மை. அடுப்பங்கரைக்கு வந்து சேர இன்னும் நாற்பது வருஷம் பிடித்தது.

அளவுக்குத் திரும்புவோம். கோயம்புத்தூரில் காற்றை அளக்கிற அரசு நிலையம் என்றதும் நினைவுக்கு வருவது குறிச்சி சிட்கோ. தொழிற்பேட்டை, மாநகரத்தின் தென்கோடி. காரமடை இருப்பது வடக்கே, மலைப்பக்கம். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியல் முழுக்க நகரங்கள், ஏறத்தாழ நூற்று முப்பது. கிராமத்துக் காற்றைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தும் கணினிக் கணக்கை வைத்தும் மதிப்பிடுகிறார்கள். தெலங்கானாவில் அப்படி விட்டுவிடாமல், ஊர்களுக்குள்ளேயே கருவி வைத்து அளந்து அந்தக் கணக்கைக் கட்டியதால்தான், பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கிடையே ஓரிரண்டு மைக்ரோகிராம் வித்தியாசம்கூடத் தெரியவந்தது.

இது முடியாத காரியம் என்று காரமடை ஒன்றியத்தில் யாரும் சொல்லக் கூடாது. ஓடந்துறை ஊராட்சி இங்கேதான் இருக்கிறது. தலைவராக இருந்த சண்முகத்தின் காலத்தில் குடிநீர் மோட்டார் ஓட்ட விறகிலிருந்து வாயு எடுக்கும் கருவி வைத்துப் பார்த்தார்கள். கரண்ட் பில் கட்டி மாளவில்லை என்று 2006-இல் ஊராட்சியின் பேரில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே வாங்கினார்கள். விலை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று பார்த்துக் காசாக்கத் தெரிந்த ஒன்றியம் இது. காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற சிறு கருவிக்கு ஆகிற செலவு அந்தக் காற்றாலையின் ஓர் இறக்கையைத் துடைக்கக்கூடக் காணாது.

சிறு கருவிகளில் குறை உண்டு. மழைக்காலத்து ஈரத்தைத் தூசி என்று எண்ணிக்கொண்டு கூட்டிக் காட்டும். அதனால் எங்கேயும் மாட்டுவதற்கு முன்னால் ஓர் அரசு நிலையத்தின் பெரிய கருவிக்குப் பக்கத்தில் சில வாரம் ஓடவிட்டு, இது காட்டுகிற எண்ணை அது காட்டுகிற எண்ணோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு இடம். மேட்டுப்பாளையம் ரோட்டோரமாக ஒன்று, அங்கே ஊட்டிக்குப் போகிற வண்டிகளின் புகை. வெள்ளியங்காடு பக்கம் மலையடிவாரத்து ஊரில் ஒன்று, அங்கே ரோடு குறைவு, அடுப்பு அதிகம். தென்னந்தோப்புக்கு நடுவே சாளைகள் சிதறிக் கிடக்கிற ஊராட்சி ஒன்றில் மூன்றாவது. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு, மரத்தடியில் இல்லாமல், சத்துணவுக் கூடத்துக்கு எதிர்ப்பக்கமாக மாட்டலாம். ஒரு முழு வருஷம் ஓட வேண்டும். ஆடிக் காற்றையும் மார்கழிப் பனியையும் இரண்டையும் பார்த்தால்தான் ஆண்டுச் சராசரி என்ற எண் கிடைக்கும்.

பிரஷர் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. தன்னார்வலர்கள் மாதா மாதம் சாளை சாளையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் கூடுதலாகக் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: புறவாசலில் அடுப்பு எரிகிறதா, எத்தனை வருஷமாக எரிகிறது. மாத்திரையை இதற்காக யாரும் நிறுத்திவிடக் கூடாது. புகை நின்றாலும் தடித்துப்போன நாளத்துக்கு மாத்திரை வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்வதையும் நிறுத்த வேண்டாம். வெந்நீருக்குச் சூரிய ஒளித் தகடு வைக்க வசதியுள்ளவர்கள் வைக்கலாம். வசதி இல்லாத சாளைகளில் அந்த மூன்று கல்லைச் சன்னலுக்கு நேரே இல்லாமல், காற்று வீட்டுப் பக்கம் திரும்பாத மூலைக்கு மாற்றி வைத்துவிட்டு, ஈர மட்டையை இரண்டு நாள் வெயிலில் போட்டுக் காயவைத்து எரிக்கலாம். ஈரம் போன மட்டையில் புகை குறைவு. வெந்நீரும் சீக்கிரம் காயும்.